ஏர்பிரஷ் ஏன் தும்முகிறது?

மும்பையில் டபுள்டெக்கர் பஸ் முதன்முதலாக ஓடியது 1937இல். மேல்மாடியின் முன்சீட்டுக்காக முட்டி மோதி ஏறிய தாத்தா பாட்டிகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பெஸ்ட் நிறுவனத்தின் பழைய டீசல் டபுள்டெக்கர்கள் 2023 செப்டம்பரில் விடைபெற்றுவிட்டன. இப்போது ஓடுபவை ஏ.சி. மின்சார வண்டிகள். அந்தப் பழைய சிவப்புப் பஸ் நம் மேசைமேல் நிற்க வேண்டுமென்றால் நாமே அதன் மாதிரியைச் செய்துவிட வேண்டியதுதான்.

மாதிரி பஸ் செய்கிறவர்கள் விரும்பும் அளவுகளில் ஒன்று, 76இல் ஒரு பங்கு. 10 மீட்டர் நீளமுள்ள வண்டி இந்த அளவில் 13 சென்டிமீட்டராகிவிடும். அதற்குச் சாதாரணப் பிரஷ்ஷால் சிவப்பு அடிக்கிறீர்கள். பூச்சின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டுத் தாளின் தடிமன்தான், அதிகமில்லை. ஆனால் அதை 76ஆல் பெருக்குங்கள். 7.6 மில்லிமீட்டர்! நிஜ பஸ்ஸின் மேல் முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குப் பெயிண்டை அப்பினால் எப்படி இருக்கும்? ஆணித் தலைகள், ஜன்னல் விளிம்பு, கதவுக் கோடு எல்லாமே பெயிண்டுக்குள் மூழ்கிவிடும்.

அதனால்தான் மாதிரி செய்கிறவர்கள் ஏர்பிரஷ்ஷைக் கையில் எடுக்கிறார்கள். பேனாவைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. காற்றைக் கொண்டு பெயிண்டைப் பொடித் துளிகளாக உடைத்து மெல்லியதாகத் தூவும். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் லால்பாக், பரேல் பக்கம் போனால் இதையும் இதன் அண்ணனான ஸ்ப்ரே கன்னையும் பார்க்கலாம். சிலைக் கார்கானாக்களில் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரஸர் தடதடக்கும். பிள்ளையாரின் கன்னத்திலும் தும்பிக்கையிலும் பிரஷ் தடமே தெரியாமல் நிறம் ஏறிக்கொண்டிருக்கும்.

ஏர்பிரஷ்ஷிடம் ஒரு தொல்லை உண்டு. நேற்று ஒழுங்காக அடித்தது இன்று திடீரென்று தும்மும். பெயிண்டைச் சொட்டுச் சொட்டாகத் துப்பும். சில நாள் பெயிண்ட் ஊற்றும் கப்பில் குமிழி விடும். சில நாள் எதுவுமே வராது. உடனே ஸ்பானரை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றத் தோன்றும். வேண்டாம். முதலில் துப்பறிவோம்.

இரண்டு ஸ்ட்ரா, ஒரு டம்ளர்

ஏர்பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தானே எங்கே தவறியது என்று சொல்ல முடியும்? வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

டம்ளர் நிறையத் தண்ணீர் எடுங்கள். ஒரு ஸ்ட்ராவைச் சின்னதாக வெட்டித் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்வாய் தண்ணீருக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது ஸ்ட்ராவைப் படுக்கை வசமாகப் பிடித்து, அதன் முனை முதல் ஸ்ட்ராவின் வாய் விளிம்பில் இருக்கும்படி வைத்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் ஸ்ட்ராவுக்குள் ஏறி, எதிரே சிறு துளிகளாகச் சிதறும். (எதிரே தம்பி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

தண்ணீரை நீங்கள் உறிஞ்சவில்லை. பிறகு எப்படி ஏறியது? வேகமாக ஓடும் காற்று, ஸ்ட்ராவின் வாயருகே இருந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. டம்ளரில் உள்ள தண்ணீரின் மேல் வழக்கமான காற்றழுத்தம் அப்படியே இருக்கிறது. அதுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேலே வந்த தண்ணீரை வேகக் காற்று கிழித்துத் துளிகளாக்குகிறது.

ஏர்பிரஷ் செய்வதும் இவ்வளவுதான். 1870களில் அமெரிக்காவின் அயோவாவில் ஆப்னர் பீலர் என்பவர் காற்றால் பெயிண்ட் தூவும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1890களில் சார்லஸ் பர்டிக், காற்றும் பெயிண்டும் கருவியின் மூக்குக்கு உள்ளேயே கலக்கும்படி அதை மாற்றினார். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

மூக்குக்குள் என்ன இருக்கிறது?

மேலே பெயிண்ட் ஊற்ற ஒரு சிறு கப். நடுவில் ஒரு நீண்ட ஊசி. முன்னால் நாசில், அதாவது பெயிண்ட் வெளியே வரும் குழல். மாதிரி வேலைக்கு 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை துளையுள்ள நாசில்கள் உண்டு. 0.3 மில்லிமீட்டர் என்பது உங்கள் தலைமுடியைப் போல மூன்று நான்கு மடங்குதான்! அந்தத் துளையை ஊசியின் நுனி அடைத்துக்கொண்டிருக்கும்.

விரலுக்கு அடியில் ட்ரிகர். அதைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கும், நாசில் திறக்கும், பெயிண்ட் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயிண்ட்.

இதில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது காற்று முதலில், பெயிண்ட் பிறகு. நிறுத்தும்போது பெயிண்டை முதலில் மூடி, காற்றைக் கடைசியாக விடுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் ஊசி நுனியில் ஒரு சொட்டு தங்கிவிடும். அடுத்த முறை அழுத்தியதும் அந்தச் சொட்டு நேராகப் பஸ்ஸின் மேல் போய் விழும்.

மூன்று பேர்மேல் சந்தேகம்

ஏர்பிரஷ் அடம் பிடித்தால் குற்றவாளி மூன்றில் ஒன்றுதான்: காற்று, கருவி, பெயிண்ட். மூன்றையும் ஒரே நேரத்தில் விசாரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பெயிண்டில் அதைக் கரைக்கும் தின்னரைச் சேர்த்து, அழுத்தத்தையும் கூட்டி, ஊசியையும் மாற்றிய பிறகு அது சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உங்களால் சொல்ல முடியுமா? அடுத்த வாரம் அதே தொல்லை வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். முதல் சோதனையில் காற்று மட்டும். இரண்டாவதில் காற்றோடு தண்ணீரையும் ஓட்டிக் கருவியை விசாரிப்போம். மூன்றாவதில்தான் பெயிண்ட். எந்தச் சோதனையில் முதலில் தவறுகிறதோ, அப்போது புதிதாக விசாரணைக்கு வந்தவர்மேல்தான் சந்தேகம்.

முதல் சோதனை: காற்று மட்டும்

கப் காலியாக இருக்கட்டும். முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வெறும் காற்றை அரை நிமிடம் அடியுங்கள். கண்ணாடி உலர்ந்தே இருந்தால் காற்று நிரபராதி. சின்னச் சின்ன நீர்த்துளிகள் தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

பெயிண்டே இல்லாத இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மும்பை வானத்திலிருந்துதான். ஜூலை மாதத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 85 சதவீதமென்றால் அதில் ஏற்கெனவே 25 கிராமுக்கு மேல் இருக்கிறது.

கம்ப்ரஸர் அந்தக் காற்றை மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அமுக்கும்போது காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் தெரியும். சூடாக இருக்கும்வரை நீராவி அடங்கி இருக்கும். ஆறி மறுபடி 30 டிகிரிக்கு வந்ததும், அந்தச் சிறிய இடத்தில் 10 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி 15 கிராம்? தண்ணீராக மாறிவிடும். அது ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர். ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று செலவழித்தால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வேலை செய்தால் அவ்வளவு தண்ணீர் சேர்ந்துவிடும். அது குழாய் வழியாக வந்து உங்கள் சிவப்புப் பஸ்மேல் துப்பும்.

இதற்காகத்தான் ஈரப்பொறி என்ற சிறு கிண்ணத்தைக் காற்றுக் குழாயில் மாட்டுகிறார்கள். தண்ணீர் அதன் அடியில் தங்கும். அடியிலுள்ள திறப்பை அழுத்தி அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். அதை எங்கே மாட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கம்ப்ரஸரை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மாட்டினால் காற்று இன்னும் சூடாக இருக்கும். நீராவி பொறியில் சிக்காமல் தாண்டிப் போய், குழாயின் நடுவில் ஆறித் தண்ணீராகிவிடும். கொஞ்ச தூரம் குழாயில் ஓடி ஆறிய பிறகு, ஏர்பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் மாட்டினால் நன்றாகப் பிடிக்கும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸரின் தொட்டியிலுள்ள தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

காற்றின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். மாதிரிகளுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. பொதுவாகப் போதும். கார் டயரில் இருப்பது 30 பக்கம். அழுத்தம் போதாவிட்டால் காற்றால் பெயிண்டைச் சிறு துளிகளாகக் கிழிக்க முடியாது. பெரிய புள்ளிகளாக விழும்.

இரண்டாம் சோதனை: தண்ணீரும் சேர்ந்து

இப்போது கப்பில் சுத்தமான தண்ணீர் ஊற்றிப் பழைய தாளில் அடியுங்கள். சீராகத் தூவினால் கருவியும் நிரபராதி. இல்லாவிட்டால் அடையாளங்களைப் பாருங்கள்.

கப்பில் குமிழி வருகிறதா? முன்பக்கமாகப் போக வேண்டிய காற்று, வழி தவறிப் பெயிண்ட் வரும் பாதைக்குள் நுழைகிறது என்று அர்த்தம். நாசில் தளர்ந்திருக்கலாம், அதன் சீல் தேய்ந்திருக்கலாம், நாசிலே விரிசல் விட்டிருக்கலாம், மூக்கின் முன்பக்கத்தில் காய்ந்த பெயிண்ட் அடைத்திருக்கலாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால் வெளியே காற்று கசியும் இடமும் தெரிந்துவிடும். நாசிலை விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பலத்தைக் காட்டினால் அதன் மெல்லிய கழுத்து பிளந்துவிடும்.

ட்ரிகரை இழுக்காமலே தண்ணீர் வருகிறதா? ஊசி நாசிலை முழுதாக மூடவில்லை. உள்ளே ஒரு துணுக்கு பெயிண்ட் இருக்கலாம். ஊசி சரியாக உள்ளே போகாமல் இருக்கலாம்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து தெளிக்கிறதா? ஊசி நுனி வளைந்திருக்கும். ஊசியைக் கண்ணாடித் தட்டில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். நுனி நேராக இருந்தால் சீராக உருளும். வளைந்திருந்தால் ஏறி இறங்கும். பூதக்கண்ணாடி இருந்தால் கொக்கி மாதிரி மடங்கியிருப்பதும் தெரியும். புது ஊசி வாங்கும்போது நாசிலின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ட்ரிகர் ஒட்டிக்கொண்டு திரும்பி வர மறுக்கிறதா? ஊசியைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, பெயிண்ட் பின்பக்கம் கசிந்திருக்கிறது. சுத்தம் செய்து, ஏர்பிரஷ்ஷுக்கென்று விற்கும் எண்ணெயில் கடுகளவு தடவினால் போதும். சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பெயிண்டோடு கலந்துவிட்டால், பூச்சு அங்கங்கே விலகி ஓடி வட்ட வட்டமாக ஓட்டை விழும்.

மூன்றாம் சோதனை: பெயிண்ட்

தண்ணீர் நன்றாகத் தெளிக்கிறது, பெயிண்ட் மட்டும் தும்முகிறது. அப்படியானால் கருவியைக் கழற்றவே வேண்டாம்!

பெரும்பாலும் பெயிண்ட் கெட்டியாக இருக்கும். பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். கப்பின் உட்சுவரில் ஒரு சொட்டு விட்டால் மெல்லிய படலத்தை விட்டுக்கொண்டு வழுக்கி இறங்க வேண்டும். கட்டியாக நின்றால் அந்தப் பெயிண்டுக்குரிய தின்னரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு சேர்த்தீர்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கணக்கு மாறும்.

ரொம்ப நீர்த்துவிட்டாலும் ஆபத்து. அடித்த இடத்திலிருந்து பெயிண்ட் நாலாபக்கமும் கால் முளைத்து ஓடும். மிக நெருக்கத்தில் பிடித்தாலும், அழுத்தம் கூடினாலும் இதே கதைதான். எதிர்மாறாக, எட்டிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து, பூச்சு உப்புத்தாள் தேய்த்த மாதிரி சொரசொரப்பாகிவிடும்.

கொஞ்ச நேரம் நன்றாக அடித்துவிட்டுப் பிறகு நின்றுபோகிறதா? ஊசி நுனியைப் பாருங்கள். பெயிண்ட் அங்கே காய்ந்து கெட்டியாகியிருக்கும். ஓயாமல் வீசும் காற்று நுனியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. கிளீனரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் நுனியைத் துடைத்தால் மறுபடி ஓடும். மழைக்காலத்தில் இது குறைவு. மார்ச் மாத மதியத்தில் அதிகம். மும்பையில் ஏர்பிரஷ்ஷுக்கும் பருவகாலக் கோளாறு உண்டு: ஜூலையில் தண்ணீர் துப்பும், மார்ச்சில் வாய் உலரும்.

நாம் பயன்படுத்தும் அக்ரிலிக் பெயிண்ட் ஏன் இப்படிச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது? அது தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் பொடித் துணுக்குகள். தண்ணீர் ஆவியாகப் போகப்போகத் துணுக்குகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகி இணைந்து ஒரே படலமாகின்றன. அப்புறம் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது. ஈரமாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் போகும் அழுக்கு, காய்ந்தபின் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் போகாததற்கு இதுதான் காரணம். பெயிண்டுக்குள் இவ்வளவு ரசாயனமா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, மாட்டுங்காவில் இயங்கும் ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் பெயிண்ட்டை ஒரு தனிப் படிப்பாகவே படிக்கலாம்.

குதிரை லாயமும் பித்தளையும்

கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தால் ஏர்பிரஷ்ஷைக் கழுவலாமே என்று யாராவது சொல்வார்கள். பாட்டிலில் அம்மோனியா என்று எழுதியிருந்தால் கும்பிடு போட்டு விலகிவிடுங்கள். காரணம் ஒரு பழைய துப்பறியும் கதையில் இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த ராணுவத்துக்கு ஒரு புதிர். துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் தட்டவில்லை, கீழே போடவில்லை. தோட்டாக்களை வைத்திருந்த இடம் குதிரை லாயம். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா ஆவி கிளம்பும். மழைக்கால ஈரமும் சேரும். அம்மோனியா, பித்தளையிலுள்ள செம்பைத் தாக்கும். தயாரிக்கும்போது அழுத்தி வளைத்ததால் பித்தளைக்குள் ஏற்கெனவே இறுக்கம் தங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் கூடு பிளந்தது. இதற்கான விளக்கம் 1921இல்தான் தெளிவாக வெளிவந்தது.

பெரும்பாலான ஏர்பிரஷ்களின் உடம்பும் பித்தளைதான், மேலே குரோமியமோ நிக்கலோ பூசியிருப்பார்கள். ஆகவே பெயிண்ட் நிறுவனம் தரும் கிளீனரையே வாங்குங்கள்.

கழுவும் முறை

நிறம் மாற்றும்போது: மீதிப் பெயிண்டைக் கொட்டுங்கள். கப்பைத் துடையுங்கள். தண்ணீர் ஊற்றி, நிறம் தெரியாமல் போகும்வரை பழைய துணியில் அடியுங்கள். கடைசியாகக் கிளீனர் இரண்டு சொட்டு.

நாளின் முடிவில்: கம்ப்ரஸரை நிறுத்தி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகு ஊசியைக் கழற்றுங்கள். நனைத்த துணியில் வைத்து, தடித்த பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, சுழற்றிக்கொண்டே இழுங்கள். நுனி உங்கள் விரலைக் குத்தும்படி பிடிக்காதீர்கள். நாசிலைக் கழற்றுவதற்கு முன் கழுவும் தொட்டியின் துளையை அடைத்துவிடுங்கள். உளுந்தைவிடச் சிறிய பொருள் அது, விழுந்தால் போனது போனதுதான். அதைத் தையல் ஊசியால் குடையக் கூடாது. உள்ளே கீறல் விழுந்தால் ஊசி இனி ஒழுங்காக மூடாது. கிளீனரில் ஊறவைத்து, நாசிலுக்கென்றே விற்கும் மென்மையான துருவியால் எடுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கண்ணாடியைக் கழுவும் பெட்டி இருக்குமே, அதன் ஒலி அலைகள் நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிர்ந்து, தண்ணீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அதில் நாசிலைப் போட்டால் காய்ந்த பெயிண்டும் கழன்றுவரும். ரப்பர் சீல்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

கவனம்!

பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள். ஏர்பிரஷ்ஷை யாருடைய முகத்துக்கும் தோலுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாராவிபோல் ஒரே அறையில் வீடும் அடுப்பும் இருக்கிற இடங்களில், தின்னர் வாடை வீசும் பெயிண்டுகள் தீப்பிடிக்கக்கூடும். அவை வேண்டவே வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள். துளிகள் நுரையீரலுக்குள் போகும் அளவுக்குச் சிறியவை. ஆகவே என்-95 முகக்கவசம் கட்டாயம்.

புதிர் நேரம்

1. தண்ணீர் நன்றாகத் தெளிக்கிறது. கறுப்புப் பெயிண்டும் நன்றாக வருகிறது. வெள்ளை மட்டும் தும்முகிறது. குற்றவாளி யார்?

2. ஆகஸ்ட் மாதம். முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பூச்சில் நீர்ப் புள்ளிகள். என்ன ஆயிற்று?

3. ட்ரிகரை இழுக்காமல், காற்றுக்காக மட்டும் அழுத்துகிறீர்கள். ஆனாலும் லேசாக நிறம் வருகிறது. எங்கே தேடுவீர்கள்?

விடைகள்: 1. பெயிண்ட். கருவியும் காற்றும் ஏற்கெனவே தேறிவிட்டன. வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற நிறமித் தூள் நிறைய இருக்கும். நன்றாகக் கலக்கி, வடிகட்டி, இன்னும் கொஞ்சம் கரைத்துப் பாருங்கள். 2. காற்று. ஈரப்பொறி நிரம்பிவிட்டது, வடித்துவிட்டுக் கம்ப்ரஸருக்கும் சற்று ஓய்வு கொடுங்கள். 3. ஊசியும் நாசிலும் சந்திக்கும் இடத்தில். துணுக்கு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்தும் நிற்காவிட்டால் நாசில் தேய்ந்துவிட்டது.

உங்கள் ஏர்பிரஷ் இந்தப் பட்டியலில் இல்லாத வகையில் அடம் பிடிக்கிறதா? நோட்டில் தேதி போட்டு, மூன்று சோதனைகளில் எதில் முதலில் தவறியது என்று எழுதுங்கள். கீழே அன்று மழையா வெயிலா என்றும் குறியுங்கள். அதன்பின் ஸ்பானரைத் தொட்டால் போதும்.